சேற்றை நிறுத்தும் நார்

பாறசாலையை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தமிழ்க் கடிதம்தான், நடுநடுவே மலையாளம். வீட்டுச் சிட்அவுட்டைப் பார்த்தால் தனக்கே உள்ளே போகத் தோன்றவில்லை என்கிறார். ஆளுக்கு இரண்டு மூன்று ஜோடிச் செருப்பு, ரப்பர் தோட்டத்துக்குப் போட்டுப்போகும் பூட்ஸ், மடக்காமல் சாத்திய குடைகள், ஹெல்மெட், பழைய செய்தித்தாள் கட்டு, ஹரித கர்ம சேனைப் பெண்கள் வந்து எடுத்துப் போவதற்காகக் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் சாக்கு. “செருப்பு அலமாரி ஒன்று வாங்கலாமா சார், எந்த மாதிரி வாங்கலாம்?” என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார்: “சவிட்டிக்குப் பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன்.”

சவிட்டி என்றால் கால்மிதி. என் கண் அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டது.

அலமாரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கதவு வைத்த அலமாரி வேண்டாம். நம் பக்கம் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஈரத் தோலை மூடிய பெட்டிக்குள் வைத்தால் ஒரு வாரத்தில் பச்சையாகப் பூத்துவிடும். சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட திறந்த தட்டு போதும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். தினமும் போடுவது மட்டும் அதில் இருக்கட்டும். கல்யாணத்துக்குப் போடுவது உள்ளறைக்குப் போகட்டும். தரையோடு குவித்த செருப்புக்குள் மழைக்காலத்தில் தவளை ஒதுங்கும், தவளையைத் தேடி வருவது எதுவென்று உங்களுக்கே தெரியும். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை விடக் கூடாது. குடைக்குக் கூரை விளிம்புக்கு வெளியே ஓர் ஆணி, பிளாஸ்டிக் சாக்குக்குப் பக்கச்சுவரில் ஓர் ஆணி. அவ்வளவுதான்.

ஆனால் குவியல் ஏன் வருகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. மழை பெய்கிற ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களைக் கவனியுங்கள். முதலில் வருபவர் படியருகே செருப்பைக் கழற்றுவார். அங்கே செம்மண் சேறாகிவிடும். அடுத்தவர் அதை மிதிக்காமல் காய்ந்த இடமாகப் பார்த்து இரண்டடி தள்ளிக் கழற்றுவார். மூன்றாமவர் சுவரோரம் போவார். பத்து நிமிடத்தில் சிட்அவுட் முழுக்கச் செருப்பு. சோம்பலை விட ஈரத்துக்குத்தான் இதில் பங்கு அதிகம். சேற்றைப் படியிலேயே நிறுத்தினால் செருப்பும் அங்கேயே நிற்கும். அதற்கான கருவி அலமாரி இல்லை, கால்மிதி. அந்த வேலைக்குப் பழைய சேலையை வைத்தால் அது தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். நான்காவது ஆளின் காலுக்குச் சேற்றைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யும்.

நம் பழைய வீடுகளில் கால்மிதி கிடையாது, தேவையும் இருக்கவில்லை. முற்றத்தில் கிண்டியில் தண்ணீர் இருக்கும். வந்தவர் வெறுங்காலைக் கழுவிவிட்டு ஏறுவார். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் பூமுகத்தைப் பார்த்திருப்பார்கள். மேலே தொண்ணூறு விதப் பூக்கள் செதுக்கிய மரக்கூரை, தொங்கும் குதிரை விளக்கு, ஒரு கல் கட்டில். அத்தனை பெரிய திருவிதாங்கூர் அரசின் வாசல் ஏறக்குறைய காலியாகவே இருக்கிறது. இன்றைக்கும் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை மாறியபோது விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போய், நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. கோடு மாறியதே தவிர வீட்டு வாசல் இருபுறமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. சிமெண்டும் டைல்ஸும் ஷூவும் வந்தபோது அது மாறியதும் இருபுறமும் ஒரே மாதிரிதான்.

வேடிக்கை என்னவென்றால், கால்மிதியே தேவைப்படாத இதே திருவிதாங்கூர்தான் உலகத்துக்குக் கால்மிதி நெய்து கொடுத்தது. அயர்லாந்தில் பிறந்து அமெரிக்கா போய் அங்கிருந்து இங்கே வந்த ஜேம்ஸ் டாரா என்பவர் 1859-ல் ஆலப்புழையில் தேங்காய் நார்த் தொழிற்சாலை தொடங்கினார். இந்தியாவில் முதலாவது அதுதான். கப்பலேறிய மிதியடிகளில் பூட்ஸைத் துடைத்தவர்கள் கடல் கடந்த குளிர்நாட்டுக்காரர்கள். நெய்தவர்களோ பெரும்பாலும் வெறுங்காலோடு நின்று நெய்தவர்கள். இப்போது நமக்கும் பூட்ஸ் வந்துவிட்டது. நாம் மட்டும் பழைய சேலையையோ, ‘வெல்கம்’ என்று அச்சடித்த பிளாஸ்டிக் புல்லையோ மிதித்துக்கொண்டிருக்கிறோம்.

தேங்காய் நாரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, வீட்டுக்கு வீடு தென்னை நிற்கிற ஊரில்? இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் அதில்தான் இருக்கிறது.

முதல்தரமான வெள்ளை நார் எப்படி வருகிறது தெரியுமா? பத்துப் பதினோரு மாதம் விளைந்த காயின் பச்சைக் கதம்பையை, அதாவது மட்டையை, உப்புநீரும் நன்னீரும் கலக்கும் காயல் ஓரத்தில் வலையில் கட்டி அமிழ்த்துவார்கள். மேலே சேற்றைப் போட்டு மூடுவார்கள். ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை அது அப்படியே கிடக்கும். வெளியே எடுக்கும்போது கறுத்து, அழுகி, கெட்ட முட்டையின் நாற்றம் அடிக்கும். பெண்கள் அதைத் தோலுரித்து மரக்கொட்டாப்புளியால் அடிப்பார்கள். சதையெல்லாம் உதிர்ந்து, உள்ளேயிருந்து பொன்னிறமாக, துளியும் கெடாமல் நார் வரும். திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கு என்ற கடலோர ஊரின் பெயரையே அங்கே திரித்த கயிற்றுக்குத் தரப்பெயராக வைத்தது வியாபார உலகம்.

ஒரே கதம்பை, ஒரே சேறு, ஒரே பத்து மாதம். ஒரு பகுதி அழுகியது, இன்னொரு பகுதி அழுகவில்லை. எப்படி?

நார்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. காற்றே இல்லாத சேற்றுக்குள் வாழும் பாக்டீரியாக்களுக்கு அது நல்ல தீனி. நாருக்குள்ளே இருப்பது வேறு. பாலராமபுரம் வேட்டியின் பருத்தி நூலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் செல்லுலோஸ்தான். தேங்காய் நாரிலோ நாற்பது பங்குக்கு மேல் லிக்னின், அதாவது மரத்தை மரமாக நிறுத்தும் பொருள். கடையில் விற்பனைக்கு வரும் இயற்கை நார்களில் இந்த அளவு லிக்னின் கொண்டது வேறில்லை என்றே சொல்லலாம். லிக்னினை உடைப்பது பெரும்பாடு. அதை முழுதாகத் தின்னத் தெரிந்தவை பெரும்பாலும் சிலவகைக் காளான்கள்தான். அவற்றுக்கும் அந்த வேலையைச் செய்ய ஆக்சிஜன் வேண்டும். சேற்றில் ஆக்சிஜன் இல்லை. ஆகவே பசையைத் தின்பவர் வந்து தின்றுவிட்டுப் போகிறார். நாரைத் தின்னக்கூடியவர் அந்தப் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை. வேதியியல் தெரியாத காலத்தில், எந்த இடத்தில் எத்தனை மாதம் புதைத்தால் எது போகும் எது நிற்கும் என்று கண்டுபிடித்துவைத்த அந்த முன்னோரை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்த நாற்றத்துக்கும் காரணம் உண்டு. கடல்நீரில் சல்பேட் இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் அதைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. காயல் நீர் கறுத்ததும், மீன் செத்ததும், இடுப்பளவு நீரில் நின்ற பெண்களுக்குத் தோல்நோய் வந்ததும் இந்தத் தொழிலின் மறுபக்கம். அதை மறைத்துப் பொன்னிற நாரின் பெருமையை மட்டும் பாடுவது நியாயமில்லை. இன்று காயலில் அழுகவைப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. உலர்ந்த மட்டையை இயந்திரத்தில் கொடுத்து எடுக்கும் பழுப்பு நார்தான் இப்போது பெரும்பங்கு. கேரளத்துத் தறிகளுக்கே பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நார் போகிறது.

உப்புநீரில் கெடாத இந்தக் குணத்தை நம்பித்தான் அரபிக்கடலில் ஒரு காலத்தில் ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கப்பல் ஓட்டினார்கள். இப்னு பதூதா பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவுக் கயிற்றையும் அது கப்பல் தைக்கப் போவதையும் எழுதிவைத்திருக்கிறார். பழங்கதை என்று தள்ள வேண்டாம். 1980-ல் டிம் செவரின் என்பவர் ஓமானில் அப்படியொரு கப்பலைத் தைத்துச் சீனா வரை போனார். 2025 மே மாதம் நம் கடற்படையே தேங்காய்க் கயிற்றால் தைத்த ‘கௌண்டின்யா’ என்ற பாய்மரக் கப்பலைக் கார்வாரில் சேர்த்துக்கொண்டது. தைத்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள்.

கப்பலுக்கு உதவுவது கெடாத குணம். கால்மிதிக்கு இன்னொன்றும் வேண்டும். ஆயிரம் முறை மிதித்தாலும் நிமிர வேண்டும். நாருக்குள் செல்லுலோஸ் இழைகள் நேராக ஓடுவதில்லை. நாரின் நீளத்துக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. என் பழைய அட்லஸ் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் உண்டு. குழியில் இறங்கும்போது அமுங்கி உடனே எழும். நாரின் உள்ளமைப்பும் அந்த வகைதான். இழுத்தால் அறுவதற்கு முன் நன்றாக நீளும், மிதித்தால் மடங்கி எழும். எழும்போது காலடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டித் தனக்கு அடியில் தள்ளிவிடும். தறியில் நெய்யும் நல்ல மிதியடியில் கயிற்றின் வெட்டுமுனைகள் மேல்நோக்கி நெருக்கமாக நிற்கும். பிறகு கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டிவிடுவார்கள். சுரண்டுவது அந்த முனைகளின் வேலை. சேர்த்துவைப்பது அவற்றின் இடையிலுள்ள குழிகள். தடிமன் இல்லாத மிதியடிக்குச் சேர்த்துவைக்க இடமே இல்லை. அது வெறும் அலங்காரம்.

இப்போது அந்தச் சேற்றுக் கணக்கை உங்கள் படிக்குக் கொண்டுவாருங்கள். பத்து மாதம் புதைந்தும் கெடாத நார், உங்கள் வீட்டுப் படியில் ஏன் கெடுகிறது? காயலில் ஈரம் இருந்தது, காற்று இல்லை. படியில் இரண்டும் இருக்கிறது. ஈரமும் காற்றும் சேர்ந்த இடத்தில்தான் நாரைத் தின்னும் காளான் இறங்கும். அதோடு மிதியடிக்குள் தேங்கிய மண்ணும் இலைத்தூளும் பூஞ்சைக்கு உரமாகும். எத்தனையோ வீடுகளில் அடிப்பக்கம் கறுத்து நாறும் மிதியடியைப் பார்த்துவிட்டு, “தேங்காய் நார் மழைக்கு ஆகாது” என்று தீர்ப்பு சொல்கிறார்கள். ஜூனில் போட்டதை நவம்பர் வரை ஒரு தரம்கூடத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். தேருக்குக்கூட அச்சில் எண்ணெய் விடுகிற நாம் கால்மிதியிடம் மட்டும் எதுவும் செய்யாமலே எல்லாம் எதிர்பார்க்கிறோம்.

மிதியடியை நேராகத் தரையில் போடாதீர்கள். மூன்று நான்கு மரச்சட்டத்தை இடைவெளி விட்டு அடித்து அதன்மேல் போட்டால் அடியில் காற்று ஓடும், மண்ணும் கீழே உதிரும். வெயில் அடித்த நாளில் தலைகீழாகச் சுவரில் போட்டு வாரியலின் பின்புறத்தால் நாலு சாத்து சாத்துங்கள். முடிந்தால் இரண்டு வாங்கிவையுங்கள். ஒன்று படியில் கிடக்கும்போது மற்றது காயட்டும். ஒரு காலை ஒரு தடவை வைத்து எடுத்தால் சேறு போகாது. இரண்டு மூன்று முறை தேய்க்க இடம் வேண்டும். அதனால் அகலத்தைவிட உள்ளே வரும் திசையில் நீளம் முக்கியம். பழைய சேலையை எறிய வேண்டாம். நார் சுரண்டிய பிறகு மிச்ச ஈரத்தை ஒற்ற, நிலைப்படிக்கு உள்ளே அது இருக்கட்டும். அந்த வேலைக்குப் பருத்தியை மிஞ்ச ஆளில்லை.

கடையில் வாங்கும்போது மிதியடியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கறுப்பாக, வழவழவென்று ஒரு தகடு ஒட்டியிருந்தால் அது பிவிசிப் பசையில் நார்த்துண்டுகளைப் பதித்த வகை. விலை குறைவு, டைல்ஸில் வழுக்காது. கூரைக்கு அடியில் நனையாத இடமென்றால் அதுவும் சரிதான். ஆனால் அந்தத் தகட்டின் வழியே தண்ணீர் இறங்காது. நார் உதிர்ந்து மொட்டையானதும் மிச்சம் இருப்பது பிளாஸ்டிக்தான். அதை உரக்குழியில் போடவும் முடியாது, எரிக்கவும் கூடாது. பின்பக்கமும் கயிறாகவே தெரிந்தால் அது தறியில் நெய்தது. கிழிந்த பிறகு வெட்டித் தென்னை மூட்டில் புதைக்கலாம். கதம்பையைப் புதைப்பது போலவே அதுவும் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

ஆகவே அம்மா, அலமாரிக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் தறியில் நெய்த நீள மிதியடி இரண்டு வாங்குங்கள். இடவப்பாதி தொடங்கும் முன் வாங்கிப் போட்டு, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அலமாரி அதற்குப் பிறகும் வேண்டுமென்று தோன்றினால், அளவை அப்போது பேசிக்கொள்ளலாம்.