பாலித் தீவின் படிக்கட்டுக் கழனிகள்

பல நாடுகளைச் சுற்றி வந்த பிரயாணிகளிடம், "நீங்கள் கண்ட இடங்களுள் மிக அழகானது எது?" என்று வினவினால், ஒருவர் பனி மூடிய மலையைச் சொல்வார்; மற்றொருவர் அருவியைச் சொல்வார்; வேறொருவர் பழைய கோயிலைச் சொல்வார். ஆயினும் பலருடைய விடைகளிலும் திரும்பத் திரும்ப வரும் பெயர் ஒன்று உண்டு. அது இந்தோனேசிய நாட்டைச் சேர்ந்த பாலித் தீவு. 1927-ஆம் ஆண்டில் கவி இரவீந்திரநாத தாகூர் அங்குச் சென்று வந்தார். 1950-ஆம் ஆண்டில் சென்ற ஜவாஹர்லால் நேரு, அத்தீவை உலகின் காலைப் பொழுது என்று புகழ்ந்ததாகக் கூறுவர். 2019-ஆம் ஆண்டில் மட்டும் 60 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் அங்கு வந்திறங்கினர். தீவின் குடிமக்களோ ஏறத்தாழ 43 லட்சம் பேரே ஆவர்.

இத்தனை பேரும் காண வருவது யாது? கடற்கரையும் கோயில்களும் நடனமும் உண்மையே. ஆனால் அத்தீவின் படத்தை எங்கே கண்டாலும் அதில் தவறாமல் இருப்பது மலைச் சரிவில் படிப்படியாக இறங்கும் நெற்கழனிதான். ஒவ்வொரு படியிலும் நீர் தேங்கி, வானத்தைக் காட்டி நிற்கும். சில வாரங்களில் அதே இடம் இளம்பச்சையாகும், பின்னர்ப் பொன்னிறமாகும். இந்தக் காட்சியில் மலையும் மழையுமே இயற்கை தந்தவை. எஞ்சியவை யாவும் உழவர் கையால் ஆனவை. அந்தக் கைகளை ஒன்று சேர்த்தது ஒரு சங்கம். உழவரும் நெசவாளரும் ஆகிய நம் வாசகர்கள் அச்சங்கத்தின் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

மலையும் நீரும்

பாலி ஓர் எரிமலைத் தீவு. அதன் நடுவே 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஆகுங் மலையும், பாத்தூர், பாத்துக்காரு முதலிய பிற மலைகளும் நிற்கின்றன. பழைய எரிமலை வாய்களில் மழை நீர் தேங்கி ஏரிகளாகியுள்ளன. எரிமலை மண் மிகவும் வளமுடையது, ஆனால் மென்மையானது. ஆகவே ஆறுகள் மண்ணை அறுத்துக்கொண்டு ஆழமான பள்ளங்களில் ஓடுகின்றன. கரையில் நிற்கும் உழவனுக்கு ஆறு கண்ணுக்குத் தெரியும். நீர் மட்டும் கைக்கு எட்டாது.

இதற்கு அவர்கள் கண்ட வழி வியக்கத்தக்கது. ஆற்றின் மேற்பகுதியில், நெடுந்தொலைவுக்கு அப்பால், சிறு அணை ஒன்றைக் கட்டுவர். அங்கிருந்து மலையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் அமைத்து நீரைக் கொணர்வர். சுரங்கம் வெட்டும் தச்சரைப் பற்றி 9-ஆம் நூற்றாண்டுச் சாசனத்திலேயே குறிப்பு உள்ளது. இவ்வளவு பெரிய வேலையை ஒரு குடும்பம் செய்து முடிக்க இயலாது. சுரங்கம் ஒன்றாயின் அதை வெட்டியவர் பலர். வெட்டியவர் பலராயின் நீருக்கு உரியவரும் பலர். இந்தத் தேவையிலிருந்தே அவர்களுடைய சங்கம் பிறந்தது.

சுபாக் என்னும் சங்கம்

அச்சங்கத்துக்குச் "சுபாக்" என்று பெயர். ஒரே நீர் வழியிலிருந்து பாசனம் பெறும் உழவர் யாவரும் ஒரு சுபாக்கின் அங்கத்தினர் ஆவர். ஒருவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பது பொருட்டன்று. அவருடைய வயலுக்கு எந்த வாய்க்கால் நீர் பாய்கிறது என்பதே கணக்கு. தீவில் ஏறத்தாழ 1,200 சுபாக்குகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 வரை உழவர் சேர்ந்திருக்கின்றனர் என்றும் யுனெஸ்கோ நிறுவனம் குறித்துள்ளது.

சுபாக்கின் தலைவரைப் "பெக்காசே" என்பர். சங்கத்துக்கு எழுதி வைத்த விதிகள் உண்டு. வாய்க்கால் தூர் வாருவதற்கு வராதவர் அபராதம் கட்டவேண்டும். நீரைத் திருடியவருக்கும் அபராதம் உண்டு. நீரைப் பங்கிடும் முறை மிக எளியது. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் பதித்து, அதில் பங்குக்கு ஏற்ற அகலத்தில் வாய்கள் வெட்டியிருப்பர். இரண்டு பங்குடையவரின் வாய் ஒரு பங்குடையவரின் வாயைப் போல் இரு மடங்கு அகலமாக இருக்கும். எவரும் வந்து கண்ணால் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லிவிடலாம். நீரில் எத்தனை பங்கோ, வேலையிலும் வரியிலும் அத்தனை பங்கு. சங்கக் கூட்டத்தில் சாதி உயர்வு தாழ்வு பாராட்டப்படுவதில்லை என்று ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். நம் ஊர் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டியின் முறையையும் குடிமராமத்தையும் அறிந்தவர்களுக்கு இவை அயலாகத் தோன்றா.

அணை தோறும், மடை தோறும் ஒரு சிறு கோயில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, பாத்தூர் எரிமலையின் விளிம்பில், ஏரித் தெய்வத்தின் பெருங்கோயில் நிற்கிறது. பல சுபாக்குகளின் பிரதிநிதிகள் நீர்க் கோயில்களில் கூடி, எந்தப் பகுதி எப்போது நடவு செய்வது, எப்போது நிலத்தைச் சும்மா விடுவது என்று முடிவு செய்வர். 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, 19,500 ஹெக்டேர் பரப்புள்ள கழனிகளையும் நீர்க் கோயில்களையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அறிவிப்பின் பெயரிலேயே சுபாக் இடம் பெற்றிருக்கிறது. இயற்கைக் காட்சியைப் போற்றவந்த உலகம், ஓர் உழவர் சங்கத்தையும் சேர்த்துப் போற்ற நேர்ந்தது எனலாம்.

மேல்மடையும் கீழ்மடையும்

மேல்மடைக்காரர் நீரை முதலில் எடுத்துக்கொள்ளக் கூடியவர். அவர் ஏன் கீழ்மடைக்காரருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? இந்த வினாவுக்குப் பாலித் தீவின் அனுபவம் தெளிவான விடை தருகிறது.

1970-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், மிகுந்த விளைச்சல் தரும் புதிய நெல் விதைகளும் உரமும் மருந்தும் அங்கே வந்தன. நிலத்தைச் சும்மா விடாமல், அவரவர் இயன்ற மட்டும் அடிக்கடி பயிர் செய்யுமாறு அரசாங்கம் ஊக்கியது. கோயில்களில் கூடி முடிவு செய்த பழைய முறை தளர்ந்தது. முதலில் விளைச்சல் பெருகியது. பின்னர் ஒரு வயலில் அறுவடையாகும்போது அடுத்த வயலில் பயிர் இளசாக நின்றமையால், புகையான் பூச்சியும் எலியும் ஒரு வயலை விட்டு மறு வயலுக்குப் போய்ப் பெருகின. மருந்து அடித்தும் அடங்கவில்லை. தண்ணீர்ச் சண்டைகளும் தோன்றின.

ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியலார் இதனை ஆராய்ந்தார். ஜேம்ஸ் கிரெமர் என்பாருடன் சேர்ந்து, மழை, ஆற்று நீர், பூச்சி, விளைச்சல் ஆகியவற்றைக் கணிப்பொறியில் இட்டுக் கணக்கிட்டார். ஒரு பெரும் பரப்பில் எல்லோரும் ஒரே காலத்தில் அறுத்து, ஒரே காலத்தில் நிலத்தைச் சும்மா விட்டால், பூச்சிக்கு உணவின்றி அது மடியும். ஆனால் ஆற்றுப் படுகை முழுவதும் ஒரே நாளில் நட்டால் நீர் போதாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அளவு உண்டு. நல்ல விளைச்சலைத் தரும் அந்த அளவு, நீர்க் கோயில்களின் பழைய ஏற்பாட்டை மிகவும் ஒத்திருந்ததைக் கணக்குக் காட்டிற்று.

மேல்மடைக்காரருக்கு நீர்ப் பஞ்சம் இல்லை. பூச்சிப் பயம் உண்டு. கீழ்மடைக்காரருக்கு நீர்க் கவலையே பெரிது. மேலே உள்ளவர் நீரை விட்டால்தான் கீழே உள்ளவர் அவரோடு ஒரே காலத்தில் பயிர் செய்ய இயலும். அவ்வாறு செய்தால்தான் மேலே உள்ளவரின் பயிரும் பூச்சிக்குத் தப்பும். ஒருவர் நன்மை மற்றவர் நன்மையோடு பிணைந்திருப்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பிரயாணி காணும் ஒரே சீரான பச்சை, இந்த உடன்பாட்டின் நிறமே ஆகும்.

தெங்கனான் தறிகள்

நெசவாளர் வாசகர்கள் அறியவேண்டிய ஊர் ஒன்றும் அங்கு உண்டு. தீவின் கிழக்கே தெங்கனான் என்னும் சிற்றூரில் "கெரிங்சிங்" என்னும் பருத்தித் துணி நெய்யப்படுகிறது. பாவு நூலையும் ஊடை நூலையும் நெய்வதற்கு முன்பே கட்டிச் சாயமிட்டு, தறியில் இரு நூல்களின் கோலங்களும் பொருந்துமாறு நெய்யும் இரட்டைக் கட்டு முறை அது. இம்முறை உலகில் இந்தியா, இந்தோனேசியா, ஜப்பான் ஆகிய நாடுகளில்தான் சிறப்பாக வழங்குகிறது. குஜராத்திலுள்ள பாடணின் பட்டோலாவும், தெலுங்கு நாட்டின் தேலியா ருமாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. பட்டோலாப் பட்டு பல நூற்றாண்டுகளாகக் கப்பலேறி இத்தீவுகளுக்குச் சென்று, விலை மதிப்பற்ற பொருளாகப் பேணப்பட்டது.

கெரிங்சிங்குக்கு உரிய நூலை முதலில் எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் நெடுநாள் ஊறவைப்பர். நீலச் சாயத்தைப் பக்கத்துக் கிராமமான புக்புக்கில் ஏற்றுவர். சிவப்புக்கு நம் நாட்டு நுணாவின் இனத்தைச் சேர்ந்த மரத்தின் வேர்ப்பட்டையைப் பயன்படுத்துவர். சிவப்பு ஆழமாகப் பிடிக்க மீண்டும் மீண்டும் தோய்த்து உலர்த்த வேண்டும். பிறகு பெண்கள் இடுப்புத் தறியில் அமர்ந்து, சில அங்குலம் நெய்தவுடன் நிறுத்தி, கூரிய முனையால் நூல்களை நகர்த்திக் கோலத்தைச் சரி செய்வர். ஒரு துணி நிறைவு பெறச் சில ஆண்டுகள் கூட ஆகும். "நோயின்மை" என்பதே அத்துணியின் பெயர்ப் பொருள்.

அங்கும் நம் கைத்தறிக்கு நேர்ந்த இடர் நேர்ந்துள்ளது. "எந்தெக்" என்னும் ஊடைக் கட்டுத் துணி பாலியின் பொதுவான கைத்தறித் துணி. அதன் கோலத்தை அச்சிட்ட ஆலைத் துணியும், வெளித் தீவில் மலிவாக நெய்ததும் கடைகளில் குவிந்தன. பிரயாணி விலை குறைந்ததை வாங்கிப் போவார். உள்ளூர்த் தறி நிற்கும். 2021-ஆம் ஆண்டில் பாலி மாகாண ஆளுநர், செவ்வாய்க்கிழமை தோறும் உள்ளூர் எந்தெக் துணியை அணியவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். வாங்குபவரைத் தேடி வெளியே அலைவதற்கு முன், தம் ஊராரையே வாங்கச் செய்த இந்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது.

அழகின் கூலி யாருக்கு?

இவ்வளவு புகழ் பெற்ற கழனிகளின் இன்றைய நிலை கவலைக்கு உரியது. தென் பாலியில் ஆண்டுதோறும் பல நூறு ஹெக்டேர் கழனி விடுதியாகவும் வீடாகவும் மாறுகிறது. கழனியைப் பார்த்தபடி அமைந்த அறைக்கு விடுதிக்காரர் கூடுதல் வாடகை பெறுகிறார். அந்தக் கழனியை உழுதவருக்கு நெல்லின் விலை மட்டுமே கிடைக்கிறது. விடுதிகள் பெருகப் பெருக நிலத்தடி நீர் குறைகிறது. வரப்பில் நின்று உழைத்தவரின் மகன் விடுதியில் வேலைக்குப் போகிறான். இடையில் ஒருவர் நிலத்தை விற்று அதில் கட்டடம் எழும்பினால், அவருக்குக் கீழே உள்ளவரின் வாய்க்காலும் அடைபடுகிறது. சுபாக்கில் ஒருவர் விலகினால் மற்றவர் அனைவருக்கும் இடர் உண்டு.

ஜத்திலுவி என்னும் மலைக் கிராமம் உலகப் பாரம்பரியப் பகுதியில் உள்ளது. அப்பெயருக்கு "மெய்யாகவே சிறந்தது" என்று பொருள் கூறுவர். அங்கு 2025 டிசம்பரில், விதிக்கு மாறாகக் கட்டப்பட்டவை என்று சில உணவகங்களையும் கடைகளையும் அதிகாரிகள் மூடினர். அதை எதிர்த்து உழவர் சிலர் தங்கள் பச்சை வயல்களின் நடுவே தகரத் தகடுகளை நட்டு வைத்தனர். பிரயாணியின் கண்ணுக்கு அழகு கெட்டால்தான் தங்கள் குறை பிறர் காதில் விழும் என்று அவர்கள் எண்ணினர் போலும். கழனியைக் கட்டடமின்றிக் காக்கவேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் காக்கும் பொறுப்பை உழவனிடமும், வரும் பணத்தைப் பிறரிடமும் விட்டால் அந்த ஏற்பாடு நெடுநாள் நில்லாது.

பிரயாணிகளை மட்டும் நம்பும் வாழ்வின் தன்மையும் அங்கே வெளிப்பட்டது. தொற்று நோயால் எல்லைகள் அடைபட்ட 2021-ஆம் ஆண்டு முழுவதிலும், தீவில் நேரே வந்திறங்கிய வெளிநாட்டார் நூறு பேர் கூட இல்லை. விடுதிகள் மூடிக் கிடந்தன. வேலை இழந்த பலர் வயலுக்கும் கடற்பாசி வளர்ப்புக்கும் திரும்பினர். விற்காமல் வைத்திருந்த நிலமே அன்று சோறு போட்டது.

அழகிய இடங்களுக்குச் செல்வது நல்ல பழக்கமே. வசதி உள்ளவர்கள் சென்று வரட்டும். செல்லும்போது, கண்ட காட்சியை ஆக்கியவர் யார் என்று கேட்டறிந்து, அவர்கள் விளைத்த அரிசியையும் நெய்த துணியையும் அவர்கள் கையிலிருந்தே வாங்குவார்களாயின், அந்த இடம் அழகாகவே நிலைக்கும். நம்மைப் பொறுத்தவரை கற்கவேண்டியது ஒன்று உண்டு. நம் ஊர் வரப்பும் வாய்க்காலும் தறியும் பிறர் கண்ணுக்கு அழகாகும் நாள் வரலாம். அந்நாளில் வரும் வருவாயில் உழைப்பவரின் பங்கு எவ்வளவு என்பதைச் சங்கத்தின் விதியில் இப்போதே எழுதி வைத்தல் வேண்டும். மரக்கட்டையில் வெட்டிய வாய் போல் அது யாவருக்கும் கண்ணால் தெரியும்படி இருக்கட்டும்.