கோபுரத்தின் மூளையில் உங்களுக்கும் வேலை உண்டு

இரவு எட்டு மணி. டுரியான் துங்காலில் ஒரு மாணவர் விடுதி. கைப்பேசியில் சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கின்றன. ஆனால் காணொளி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கோபுரம் தொலைவில் இல்லை. ஒரே நேரத்தில் இத்தனை பேர் கேட்டால், யாருக்கு எவ்வளவு அலைவரிசை கொடுப்பது என்பதுதான் சிக்கல்.

அந்தப் பங்கீட்டைச் செய்யும் பகுதிக்கு ரேடியோ அணுகல் வலையமைப்பு என்று பெயர். சுருக்கமாக 'ரேன்'. நெடுங்காலமாக ஒரு கோபுரத்தின் ரேன் கருவிகளும் மென்பொருளும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்திடமிருந்தே வாங்கப்பட்டன. ஒருவரின் கருவி இன்னொருவரின் கருவியோடு எளிதில் இணையாது. விலையையும் மாற்றங்களையும் விற்றவரே முடிவு செய்வார்.

2018இல் ஐந்து பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து ஓ-ரேன் கூட்டணியைத் தொடங்கின. கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறையைப் பொதுவாக வரையறுத்தால், யார் செய்த கருவியையும் யாருடையதோடும் இணைக்கலாம் என்பதே அதன் நோக்கம். இதுவே திறந்த ரேன். ஜப்பானின் ரக்குதென் மொபைல் இந்த வழியில் தன் வலையமைப்பை அமைத்து, 2020 ஏப்ரலில் முழு வணிகச் சேவையைத் தொடங்கியது.

அறிவுத்திறன் எங்கே வருகிறது? ஓ-ரேனில் இரண்டு கட்டுப்பாட்டு மென்பொருள்கள் உண்டு. ஒன்று நிதானமானது. திரட்டிய தரவுகளிலிருந்து, எந்த நேரத்தில் எங்கே நெரிசல் என்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கற்கும். மற்றொன்று வேகமானது. 10 மில்லிவினாடி முதல் ஒரு வினாடிக்குள் முடிவெடுத்து, நெரிசலான கோபுரத்திலிருந்து சிலரை அடுத்த கோபுரத்துக்கு மாற்றும். நள்ளிரவில் பயன்பாடு குறைந்தால் சில கருவிகளை உறங்கவைத்து மின்சாரத்தையும் மிச்சப்படுத்தலாம். இவற்றுக்கான கட்டளைகள், கைப்பேசிச் செயலிகளைப் போன்ற சிறு மென்பொருள்கள். அவற்றை வெளியாரும் எழுதலாம்.

குறையும் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து சமைத்த விருந்தில் உப்பு கூடினால் யாரைக் கேட்பது? இணைப்புகள் பெருகும்போது ஊடுருவிகளுக்கான வாசல்களும் பெருகும். ஆகவே சோதித்துப் பார்ப்பவர்கள் தேவை. ஐஐடி மெட்ராஸ் தலைமையில் 8 கல்வி நிறுவனங்கள் உருவாக்கிய 5ஜி சோதனைக்களம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. புதிய நிறுவனங்கள் தங்கள் தயாரிப்புகளை அங்கே சோதிக்கலாம்.

மாணவர்களே, 6ஜி 2030ஐ ஒட்டி எதிர்பார்க்கப்படுகிறது. இன்று நான்காம் படிவத்தில் இருப்பவர் வேலைக்குச் செல்லும் காலமும் ஏறத்தாழ அதுவே. டுரியான் துங்காலில் உள்ள மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யுதெம்மில் மின்னணு, கணினிப் பொறியியல் படிப்புகள் உண்டு. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஓப்பன்ஏர்இன்டர்ஃபேஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, ஆண்டெனா இல்லாமலே ஒரு 5ஜி வலையமைப்பைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கலாம்.

கணிதம், இயற்பியல், நிரலாக்கம் மூன்றையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றும் காணொளியைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர் பலர். அதைச் சரிசெய்யும் நிரலை எழுதுபவர் நீங்களாக இருக்கலாம்.