பறித்த பின்னும் மூச்சுவிடும் பேரிக்காய்

மரத்திலிருந்து பறிக்கப்பட்ட காயை உயிரற்ற பொருளெனப் பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. கொம்பை விட்டுப் பிரிந்த பின்னரும் அது மூச்சுவிடுகின்றது. காற்றிலுள்ள ஒட்சிசனை உள்வாங்கி, தன்னகத்துள்ள சருக்கரையைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு, காபனீரொட்சைட்டையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளிவிடுகின்றது. மரத்தில் இருந்தபோது வேரும் இலையும் அச்செலவை ஈடுசெய்தன. பறித்த பின்னரோ வரவு நின்றுவிடச் செலவு மட்டுமே எஞ்சுகின்றது. கைமுதல் தீரும் வரையிலுமே அதற்கு வாழ்வு உண்டு. அக்கைமுதலைச் சிக்கனமாகச் செலவிடச் செய்வதே பொதி கட்டுதலினதும் களஞ்சியப்படுத்தலினதும் நோக்கமாகும். தோட்டக்காரன் ஓராண்டு பட்ட பாட்டின் பயன் சந்தைக்குச் செல்வதும் குப்பைக்குச் செல்வதும் இதனையே பொறுத்துள்ளன.

இவ்வுண்மையை நன்கு விளக்கும் கனிகளுள் பேரியும் ஒன்று. ஐரோப்பியப் பேரியினங்கள் மரத்திலேயே நன்கு கனிவதில்லை. அவற்றை மரத்தில் விட்டுவைத்தால், வெளிப்புறம் செவ்வையாகத் தோன்றும்போதே நடுப்பகுதி குழைந்து கபில நிறமாகிவிடும்; சதையும் மணலைக் கடித்தாற்போல நறநறக்கும். ஆதலின், காய் முற்றியதும் அது வன்மையாக இருக்கும்போதே பறித்துவிடுவர். இங்கிலாந்தில் வில்லியம்ஸ் எனவும் அமெரிக்காவில் பாட்லெற் எனவும் வழங்கும் இனம் குளிரறையில் இரண்டு மூன்று மாதங்கள் தாங்கும். அஞ்சு என்னும் குளிர்காலப் பேரியோ, ஏறக்குறைய இரண்டு மாதங்கள் குளிரிற் கிடந்தாலன்றிச் செம்மையாகக் கனியாது. அதற்குக் குளிர் காவல் மட்டுமன்று, கனிவதற்கான ஆயத்தமுமாகும்.

காய் கனியும்போது எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றது. அவ்வாயுவே கனிதலை மேலும் தூண்டுகின்றது. கனிகள் இதனைத் தாமே உண்டாக்குகின்றன என்பதை 1934ஆம் ஆண்டில் றிச்சட் கேன் என்னும் ஆங்கில அறிஞர் அப்பிளைக் கொண்டு நிறுவினார். ஒரு பெட்டியில் ஒரு காய் காயமுற்றுக் கனியத் தொடங்கினால், அருகிலுள்ளவையும் விரைவிற் கனிவதன் காரணம் இதுவே.

இவற்றையெல்லாம் மெதுவாக்கும் முதற் கருவி குளிர். பேரிக்காயைப் பூச்சியப் பாகை செல்சியசுக்கும் அதற்கு ஒரு பாகை கீழுக்கும் இடையில் வைப்பர். நீர் உறையும் நிலையிலும் காய் உறையாதிருப்பது அதன் சாற்றிற் கரைந்துள்ள சருக்கரையினாலாகும். எனினும், வெப்பநிலை மேலும் தாழுமாயின் சதை உறைந்து பழுதாகும். பறித்தவுடன் குளிரவைப்பதும் இன்றியமையாதது. வெயிலில் ஒரு நாள் கிடந்த காய், குளிரறையில் வாழக்கூடிய பல நாட்களை இழந்துவிடுகின்றது.

அடுத்தது ஈரப்பதன். உலர்ந்த காற்றில் காய் நீரை இழந்து, காம்பை அடுத்த கழுத்துப்பகுதியிலிருந்து சுருங்கும். ஆதலின், களஞ்சியக் காற்றின் ஈரப்பதனை நூற்றுக்குத் தொண்ணூறு முதல் தொண்ணூற்றைந்து வரை பேணுவர்.

இனி, பொதி கட்டும் முறையை நோக்குவோம். பேரியின் தோல் மிக மென்மையானது. பெட்டியில் காய்கள் தளர்வாக இருந்தால், வண்டியின் அதிர்ச்சியில் ஒன்றோடொன்று உரசும். உரசிய இடத்தில் தோலின் கலங்கள் சிதைந்து கருமை படரும். மிக இறுக்கி அடைத்தாலோ காய் நசுங்கும். ஆகவே, ஒவ்வொன்றையும் தாளிற் சுற்றி, அசையாதவாறு வரிசையாக அடுக்குவர். சாம்பல்நிறப் பூஞ்சணம் அழுகிய காயிலிருந்து அடுத்த காய்க்குத் தாவும் இயல்புடையது. செப்புச் சேர்த்த தாளிற் சுற்றுவது அதனைத் தடுப்பதற்கேயாம்.

பெட்டியின் உட்புறத்தில் பொலித்தீன் உறையிடும் வழக்கமும் உண்டு. அது நீரிழப்பைத் தடுக்கின்றது. காயின் மூச்சினால் உறைக்குள் ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு மிகுவதால் கனிதலும் தாமதமாகின்றது. ஒட்சிசன் இல்லாவிடத்துக் கனிகள் கனிவதில்லை என்பதைப் பிரான்சு நாட்டு பெரார் 1821ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். பின்னர், கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ற் என்னும் இருவர் ஆராய்ந்து, களஞ்சியக் காற்றைக் கட்டுப்படுத்தும் முறையை வகுத்தனர். ஆயினும் அளவு கடத்தல் ஆகாது. காபனீரொட்சைட்டு மிகுந்தால் காயின் நடுப்பகுதி கபில நிறமாகிப் பழுதுறும். குளிரறையினின்றும் வெளியே எடுத்த பின்னரும் உறையைத் திறவாது விடுவது இத்தீங்கை விரைவுபடுத்தும். வெப்பத்தில் காய் மிகுதியாக மூச்சுவிடுகின்றது அன்றோ?

காலமும் அளவோடு இருத்தல் வேண்டும். குளிரில் எல்லை கடந்து வைத்த பேரி மஞ்சளாக மாறினும் குழைவும் மணமும் பெறாது. கண்ணுக்குப் பழமாகவும் நாவுக்குச் சக்கையாகவும் அது நிற்கும்.

கடையில் வன்மையான பேரியை வாங்குவோர் அதனைக் காயென்று வெறுக்க வேண்டியதில்லை. வீட்டில் நிழலான இடத்தில் சில நாட்கள் வைத்து, காம்பை அடுத்த பகுதியை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தல் வேண்டும். அவ்விடம் சிறிது நெகிழ்ந்தால் உண்ணும் பதம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். அடிப்பகுதி குழையும் வரை காத்திருந்தால் உட்புறம் பதம் கடந்துவிடும். மரம் நல்ல காயைத் தந்தது. அதன் பின் பெட்டியிலும் களஞ்சியத்திலும் நேர்ந்த தவறுக்கு மரத்தையோ மண்ணையோ பழித்துப் பயனில்லை.