கணிப்பொறி உள்ளே விட மறுத்தால்...

மண்ணூர்பேட்டையில் வசிக்கும் ஒரு மாணவி, மறுநாள் பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய செயல்திட்டத்தை வீட்டுக் கணிப்பொறியில் எழுதி வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரவு பொறியை இயக்கிக் கடவுச்சொல்லைத் தட்டுகிறாள். "கடவுச்சொல் தவறு" என்கிறது திரை. மறுமுறையும் அதே பதில்தான். "வைரஸ் புகுந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றவேண்டும்" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அப்படி அழித்தால் ஒரு மாத உழைப்பு போய்விடும். அவள் என்ன செய்யவேண்டும்?

மின்சுற்றில் விளக்கு எரியாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மின்கலம், கம்பி, சாவி, விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பீர்கள் அல்லவா? இங்கும் அதே முறைதான். எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கணிப்பொறி உங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்துக்கொள்வதில்லை. கணித முறையால் அதை ஒரு குறியீடாக மாற்றி வைத்திருக்கிறது. நீங்கள் தட்டுவதையும் அவ்வாறே மாற்றி, இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறது. ஓர் எழுத்து பிசகினாலும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். ஆகவே "ஏறக்குறைய சரி" என்பதே இங்குக் கிடையாது.

முதலில் கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அடுத்து, விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறது? தமிழ் 99 முறைக்கு மாறியிருந்தால் ஆங்கிலக் கடவுச்சொல் எப்படிப் பொருந்தும்? பிறகு, திரையில் உள்ளது உங்கள் பயனர் பெயர்தானா என்று பாருங்கள்.

பொறி திறந்தும் இணையதளங்கள் திறக்கவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். மேசைக் கணிப்பொறியின் உள்ளே 3 வோல்ட் கொண்ட காசு வடிவ மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுகளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் இருப்பதால், தேதி தவறாக இருந்தால் உலாவி அவற்றை ஏற்பதில்லை.

அப்படியானால் வைரஸ் என்பது வெறும் அச்சமா? இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வேவு பார்க்கும் நச்சுநிரல் பெரும்பாலும் உங்களைத் தடுப்பதில்லை. நீங்கள் வழக்கம்போல் வேலை செய்தால்தானே அது வேவு பார்க்க முடியும்?

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். இந்திய அணுமின் கழகத்தின் அமைப்பில் நச்சுநிரல் இருப்பதை 2019 செப்டம்பர் 4-ஆம் நாள் தெரிவித்தது, கணிப்பொறிப் பாதுகாப்புக்கான மைய அரசு அமைப்பாகிய செர்ட்-இன். நிர்வாகப் பணிக்காக இணையத்துடன் இணைக்கப்பட்டிருந்த ஒரு கணிப்பொறியில் அது இருந்தது. அணு உலையை இயக்கும் அமைப்புகள் அந்த வலையமைப்பிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை என்று அக்டோபர் 30-இல் கழகம் அறிவித்தது.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல்களும் உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் அத்தகைய தாக்குதல் நடந்தபோது, நோயாளிகளின் பதிவுகளைக் கையால் எழுதவேண்டியதாயிற்று.

அறியாத நிரல்கள் தாமே இயங்குதல், வைரஸ் தடுப்பு நிரல் தானே அணைந்துபோதல், நீங்கள் அனுப்பாத மின்னஞ்சல் உங்கள் பெயரில் போதல்: இவற்றைக் கண்டால் ஐயப்படலாம். அப்போது முதல் வேலை, இணைய இணைப்பைத் துண்டிப்பதுதான். கூடங்குளம் கற்பிக்கும் பாடமும் அதுவே. அடுத்து, நம்பகமான வேறொரு பொறியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். ஐயத்துக்குரிய பொறியிலேயே மாற்றினால், புதிய சொல்லும் திருடனிடம் போய்ச் சேரலாம். பொறியைச் சோதிக்க, 2017-இல் மைய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவச நிரல்களைத் தருகிறது. பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும்.

எல்லாவற்றையும் அழிப்பது கடைசி வழி. முக்கியமான கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் படி இருந்தால் அதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. இன்றே ஒரு படி எடுத்து வையுங்கள். அடுத்த முறை திரை மறுக்கும்போது, ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் எழுதுவதுபோல், எதை மாற்றினீர்கள், என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிக்கொண்டே சோதியுங்கள். காரணம் அகப்படும்.