சொறியும் நாய், நக்கும் பூனை: ‘அலர்ஜி’ என்று முடிவு கட்டும் முன்

போன எபிசோடுக்குப் பிறகு வந்த வாய்ஸ் மெசேஜ்களில் நிறைய பேர் கேட்டது அரிப்பைப் பற்றித்தான். அதில் ஒன்றை மட்டும் சொல்றேன். மூன்று வயது லாப்ரடார். ராத்திரி முழுக்கக் காலை நக்குது, காதைச் சொறியுது, வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. மூணு டாக்டர் பார்த்தாச்சு. ஒவ்வொரு ஊசிக்கும் பத்து நாள் நிம்மதி, அப்புறம் பழையபடி. இப்போ வீட்டில் கைக்குழந்தை இருக்கு. “இதெல்லாம் தொத்திக்கும், நாயை எங்கேயாவது கொடுத்துடுங்க”ன்னு பெரியவங்க சொல்றாங்க. என்ன பண்றதுன்னு கேட்டிருந்தாங்க.

நாயைப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் ‘கொடுத்துடலாமா’ என்ற கேள்விக்கு முன்னாடி, ‘இது என்னன்னு யாராவது உண்மையிலேயே பார்த்தாங்களா’ என்ற கேள்வி இருக்கு. பத்து நாள் அரிப்பை அடக்குற ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது காரணத்தைக் கண்டுபிடிக்காது, சத்தத்தை மட்டும் குறைக்கும்.

தோல் மருத்துவத்தில் நாங்கள் ஒரு வரிசையில் போவோம். முதலில் பூச்சி, அடுத்து தொற்று, அதற்கப்புறம்தான் அலர்ஜி. அலர்ஜியில் கூட முதலில் சாப்பாடு, கடைசியில் தூசி, மகரந்தம் போன்றவை. வரிசையை மாற்றினால் பணமும் மாதங்களும் வீணாகும்.

பூச்சியிலிருந்து ஆரம்பிக்கலாம். “எங்க நாய்க்குத் தெள்ளுப்பூச்சியே இல்ல டாக்டர், நான் பார்த்துட்டேன்” என்பது நான் தினமும் கேட்கும் வசனம். நம்புறேன், நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. பூனையாக இருந்தால் அதுவே நக்கித் தின்றிருக்கும். தெள்ளு அலர்ஜி உள்ள நாய்க்கு உடம்பு நிறைய பூச்சி வேண்டியதில்லை. பிரச்சினை தெள்ளின் எச்சிலில் இருப்பதால் சில கடிகளே போதும், வாலடியும் பின்தொடையும் புண்ணாகிவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பேன் சீப்பு மாதிரி நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாலடியில் வாரி, விழுகிற கருப்புத் துகளை நனைத்த வெள்ளை டிஷ்யூ பேப்பரில் போடுங்க. சாதாரண அழுக்கென்றால் அப்படியே இருக்கும். தெள்ளின் கழிவென்றால் சுற்றிலும் செம்பழுப்பு நிறத்தில் கசியும். அது உங்க நாயின் ரத்தம்தான், செரித்து வெளியே வந்தது.

உடம்பில் தெரியும் தெள்ளு மொத்தத்தில் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் சோஃபா இடுக்கிலும் பாயிலும் தரையோரத்திலும் இருக்கு. சென்னை மாதிரி ஊரில் குளிர்காலம் வந்து இவற்றைக் கொல்லும் என்ற பேச்சே இல்லை. அதனால் ஒரு நாய்க்கு ஒரு மாதம் மருந்து கொடுத்து நிறுத்துவது வீண். வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும், குறைந்தது மூன்று மாதமாவது தொடர்ந்து கொடுக்கணும். படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைக்கணும். இப்போது ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் வகை மாத்திரைகள் இருக்கின்றன. வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்க.

இந்த மாத்திரைகளால் இன்னொரு லாபம் உண்டு. சார்காப்டிஸ் என்ற சிரங்குச் சிற்றுண்ணி தோலைக் குடைந்து உள்ளே போவதால் ஸ்கிரேப்பிங் செய்தாலும் பல நேரம் கண்ணில் படாது. காது ஓரம், முழங்கை, வயிறு எல்லாம் வெறித்தனமாக அரிக்கும். சந்தேகம் இருந்தால், சோதனையில் தெரியாவிட்டாலும் மருந்து கொடுத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். இது மனிதருக்கும் சில நாள் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இங்கேயே பதில் சொல்லிடறேன். அலர்ஜி தொற்றாது. தெள்ளு கடிக்கும், சார்காப்டிஸும் படர்தாமரையும் தொற்றும். இவை எல்லாமே கண்டுபிடித்துக் குணப்படுத்தக்கூடியவை. மருந்து வேலை செய்கிற வரை குழந்தையின் படுக்கையிலிருந்து நாயைத் தள்ளி வைத்தால் போதும். வீட்டை விட்டே தள்ளத் தேவையில்லை.

அடுத்து தொற்று. டாக்டர் ஒரு ஒட்டும் டேப்பைத் தோலில் அழுத்தி எடுத்து, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். பத்து நிமிட வேலை. பிளேடால் மெல்லச் சுரண்டி எடுப்பது இன்னொன்று. டெமோடெக்ஸ் என்ற, சுருட்டு வடிவச் சிற்றுண்ணி அதில் தெரியும். குட்டி நாய்க்கு முகத்தில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் முடி கொட்டினால் பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் இந்தப் பூச்சி உள்ள நாய்க்கு ஸ்டீராய்டு போட்டால் உடம்பு முழுக்கப் பரவலாம். சுரண்டிப் பார்க்காமல் ஊசி போடுவது எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் முதல் காரணம்.

டேப்பில் தெரிவது பாக்டீரியா அல்லது மலாசீஸியா என்ற ஈஸ்ட். நாள்பட்ட ஈஸ்ட் உள்ள நாயின் வாசனை, மழைக்காலத்தில் காயாத கால்மிதி மாதிரி இருக்கும். தோல் யானைத் தோல் போல் தடித்துக் கறுக்கும். பல நேரம் இவை இரண்டும் தானாக வருவதில்லை. அடியில் அலர்ஜியோ வேறு கோளாறோ இருப்பதால் மேலே குடியேறியவை. ஆனாலும் இவற்றை முதலில் துரத்தாமல் அடியில் இருப்பதைப் பார்க்க முடியாது, ஏன்னா இவையே அரிக்கும்.

குளோர்ஹெக்சிடின் ஷாம்பு இங்கே நல்ல ஆயுதம், பெரும்பாலும் வாரம் இரண்டு முறை. ஆனால் நுரை தோலில் பத்து நிமிடம் இருக்கணும். எல்லாரும் இரண்டு நிமிடத்தில் கழுவிவிட்டு ‘ஷாம்பு வேலை செய்யல’ன்னு வருவாங்க. போனில் டைமர் போடுங்க, இரண்டு பாட்டு கேளுங்க.

பூச்சி போச்சு, தொற்று போச்சு, இன்னும் அரிக்குதா? இப்போதான் சாப்பாடு. ரத்தத்தையோ முடியையோ எடுத்து ‘இந்த நாற்பது உணவு ஒத்துக்காது’ன்னு பட்டியல் கொடுக்கும் சோதனைகளை நம்பாதீங்க. உணவு அலர்ஜிக்கு நம்பகமான வழி ஒன்றுதான்: எட்டு வாரம் உணவை மாற்றிப் பார்ப்பது. நாய் இதுவரை சாப்பிடாத ஒரு புரதம், அல்லது புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்த ஹைட்ரோலைஸ்டு உணவு. அதைத் தவிர தண்ணீர் மட்டும். எட்டு வாரத்தில் அரிப்பு குறைந்தால், பழைய உணவைத் திரும்பக் கொடுக்கணும். அரிப்பு திரும்பினால்தான் உறுதி. இந்தக் கடைசிப் படியை எல்லாரும் தாண்டிவிடுவாங்க. “நல்லா இருக்கு டாக்டர், எதுக்கு வம்பு?” நியாயம்தான். ஆனால் நாய் குணமானது உணவாலா, நடுவில் போட்ட ஷாம்பூவாலா என்று தெரியாமலே வருஷக்கணக்கில் விலை உயர்ந்த பை வாங்கிக்கொண்டிருப்பீங்க.

நாய்களுக்கு அடிக்கடி ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. இப்போ நம்ம வீட்டு நாயின் ஒரு நாளை நினைச்சுப் பாருங்க. காலையில் பால் பிஸ்கட், மதியம் தயிர்சாதம், ராத்திரி சிக்கன். ‘சிக்கனும் சாதமும்தான் சார், வேற ஒண்ணுமே கொடுக்கல’ என்பவருக்கு, சந்தேகமே அந்தச் சிக்கன் மேலதான் என்று சொன்னால் முகம் மாறும்.

இந்த எட்டு வாரம் தோற்பது மருத்துவத்தில் இல்லை, வீட்டில். தாத்தா டீயோடு ஒரு மேரி பிஸ்கட் போடுவார். வாட்ச்மேன் பாசத்தில் ஒரு எலும்பு கொடுப்பார். மாத்திரையில் சிக்கன் சுவை இருக்கும். அதனால் நோய் பற்றிப் பேசுவதைவிட அதிக நேரம், வீட்டில் யார் யார் என்ன கொடுக்கிறாங்க என்றுதான் நான் கேட்பேன். பூனை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: புது உணவைச் சாப்பிடாவிட்டால் ‘பசிச்சா தின்னும்’ன்னு விட்டுடாதீங்க. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். மெதுவாகக் கலந்து மாற்றுங்க.

இதெல்லாம் முடிந்தும் அரிப்பு இருந்தால் மிச்சமிருப்பது அட்டோபி. தூசிச் சிற்றுண்ணி, மகரந்தம், பூஞ்சைத் துகள் போன்றவற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் ஆரம்பிக்கும். பாதம், அக்குள், வயிறு, முகம், காது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், பிரெஞ்சு புல்டாக் இவற்றில் அதிகம். இதற்கென்று ‘ஆம், இல்லை’ சொல்லும் சோதனை கிடையாது. அலர்ஜி டெஸ்ட் எடுப்பது நோயைக் கண்டுபிடிக்க அல்ல, எதிர்ப்பைப் பழக்கும் ஊசியில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யத்தான். அந்த ஊசி வேலை செய்கிறதா என்று தெரிய ஒரு வருஷம் கூட ஆகலாம்.

அட்டோபி குணமாகாது, கட்டுக்குள் இருக்கும். நம்ம வீட்டில் சர்க்கரை வியாதியோடு முப்பது வருஷம் வாழ்கிறவங்க இல்லையா, அந்த மாதிரி. ஒக்லாசிட்டினிப் மாத்திரை இருக்கு, ஒரு வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை. லோகிவெட்மாப் ஊசி, சைக்ளோஸ்போரின் இருக்கு. பட்ஜெட் இடிக்குதுன்னா கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்க. ஸ்டீராய்டு வில்லன் இல்லை. அளவாக, மாத்திரையாக, குறைத்துக்கொண்டே வந்தால் அது நல்ல மருந்து. நாய் நிறையத் தண்ணி குடிக்கும், நிறையச் சிறுநீர் போகும், பசி பசி என்று அலையும். எனக்குப் பயம் நீண்ட நாள் நிற்கும் டெப்போ ஊசிமேல்தான். மாத்திரையை நிறுத்தலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

பூனைக்காரங்க காத்திருக்கீங்க, தெரியும். பூனை சொறிவதைவிட நக்கும், அதுவும் நீங்க பார்க்காதப்போ. வயிறு வழுவழுன்னு மொட்டையாகி, ‘முடி கொட்டுது’ன்னு கொண்டு வருவாங்க. முடியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நுனி உடைந்திருக்கும், அதாவது கொட்டவில்லை, நக்கி உடைத்திருக்கு. உடனே ‘ஸ்ட்ரெஸ்’ன்னு முடிவு கட்டாதீங்க. மேலே சொன்ன வரிசை இதற்கும் பொருந்தும்.

வட்டவட்டமாக முடி போனால் படர்தாமரையா என்று பார்க்கணும், பெர்ஷியன் பூனையில் ரொம்ப சகஜம். உட்ஸ் விளக்கில் பச்சையாக ஒளிரலாம், ஒளிராமலும் இருக்கலாம். அதனால் கல்ச்சர் தேவைப்படும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த படை க்ரீமைத் தடவாதீங்க. பூனை அதை நக்கும், பூஞ்சையும் அடங்கின மாதிரி நடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. பெர்மெத்ரின் உள்ள, நாய்க்கான கழுத்துச் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டால் நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகலாம். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலும் ஆபத்து. டீ ட்ரீ ஆயிலும் வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது, இதுவரை கொடுத்த மாத்திரை அட்டைகளையும் போட்ட ஊசியின் பெயரையும் எடுத்துப் போங்க. பெயர் தெரியலைன்னா போட்ட இடத்தில் கேட்டு எழுதி வாங்குங்க, அது உங்க உரிமை. ராத்திரி சொறியும்போது முப்பது செகண்ட் வீடியோ எடுங்க. அவசரம் இல்லைன்னா, போவதற்கு முந்தின சில நாள் குளிப்பாட்ட வேண்டாம், மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூச வேண்டாம். டேப்பில் எண்ணெய் மட்டும்தான் தெரியும்.

காதுத் தொற்று பற்றி நிறையக் கேட்டிருக்கீங்க. அது அடுத்த எபிசோடில்.