முதல் உல்லாசப் படகு: வாங்கும் விலையல்ல, நிறுத்தும் இடமே கணக்கு

கந்தளாயில் கடை வைத்திருப்பவருக்குப் படகு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடல் இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. ஆனால் 2009இல் யுத்தம் முடிவுற்ற பின்னர் திருகோணமலைக் கரையோரம் எமது மக்களுக்கு மீண்டும் திறந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலமும் திறக்கப்பட்டது. விடுமுறை என்றால் குடும்பத்தோடு நிலாவெளிக்கோ கிண்ணியாவுக்கோ போவது இப்போது வழமையாகிவிட்டது. நாலைந்து தடவை வாடகைப் படகில் ஏறியவருக்கு, "நாமே ஒன்று வாங்கினால் என்ன?" என்ற எண்ணம் வருவது இயல்பு. கையில் கொஞ்சம் பணம் புரளும் வியாபாரிக்கு அது சீக்கிரமாகவே வரும்.

வாங்க வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. கடையின் முதலிலிருந்து எடுத்து வாங்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறோம். சரக்கில் போட்ட பணம் திரும்பி வரும். படகில் போட்ட பணம் வெயிலிலும் உப்பிலும் கரையும்.

முதலில் நாட்களை எண்ணிப் பாருங்கள். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது பெரும்பாலும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் பெப்ரவரி வரை சிறு படகுக்கு அங்கே வேலையில்லை. ஆறு மாதப் பருவத்தில் இரு வாரத்துக்கு ஒரு தடவை தவறாமல் போனாலும் பதின்மூன்று பயணங்கள்தான். கல்யாணம், மரண வீடு, நோன்பு, கடையில் ஆளில்லாத நாள் என்று கழித்தால் எட்டு, ஒன்பது தேறும். படகின் வருடச் செலவு முழுவதையும் இந்த எட்டால் பிரியுங்கள். வரும் தொகையை ஒரு நாள் வாடகையோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகும் ஆசை குறையவில்லையென்றால் மேலே வாசியுங்கள்.

எரிபொருளைப் பலர் கணக்கில் எடுப்பதேயில்லை. 40 குதிரைவலு கொண்ட இரு வீச்சு வெளியிணைப்பு இயந்திரம் முழு வேகத்தில் மணிக்கு 15 லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும். 92 ஒக்டேன் பெற்றோல் 2021 மே மாதத்தில் லீற்றர் 137 ரூபா. அந்த விலையில் ஒரு மணித்தியாலம் 2,055 ரூபா. 2022 ஜூன் இறுதியில் விலை 470 ரூபாவைத் தொட்டபோது அதே ஒரு மணித்தியாலம் 7,050 ரூபாவானது. நான்கு வீச்சு இயந்திரம் குறைவாகக் குடிக்கும், புகையும் சத்தமும் குறைவு. ஆனால் கொள்விலையும் நிறையும் கூட. வருடத்தில் எட்டு நாள் ஓடுபவருக்கு அந்த மேலதிக விலை எரிபொருளில் திரும்பி வர நெடுங்காலம் எடுக்கும். எமது கரையோரத்தில் இரு வீச்சு இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். முதல் படகுக்கு அந்த வசதி பெரிது.

அடுத்தது உடற்பகுதி. இலங்கையில் கிடைக்கும் சிறு படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகள், அதாவது நாம் பைபர் போட் என்பவை. பழையது வாங்குவதானால் அது எந்த ஆண்டில், எந்தப் பட்டறையில் கட்டப்பட்டது என்று விசாரியுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி நாட்டின் மீன்பிடிப் படகுகளில் அரைவாசிக்கு மேற்பட்டவற்றை அழித்தோ சேதப்படுத்தியோ விட்டது. உதவிப் பணம் வந்து குவிந்தது. அனுபவமில்லாத பலர் அவசரமாகப் பட்டறை திறந்து படகு வார்த்தார்கள். அப்படி வந்தவற்றில் தரம் குறைந்தவை ஏராளம். அவற்றில் சில புதுப் பெயின்ற் பூசிக்கொண்டு இன்னும் கைமாறுகின்றன.

பெயின்றைப் பார்க்காதீர்கள், தட்டிப் பாருங்கள். இயந்திரம் மாட்டும் பின்பலகைக்குள் அநேகமாக மரம் இருக்கும். ஆணி ஓட்டையால் தண்ணீர் இறங்கினால் வெளியே பைபர் பளபளக்க உள்ளே மரம் உக்கிப்போகும். ஒரு நாணயத்தால் பலகை நெடுகத் தட்டினால் நல்ல இடத்தில் கணீர் என்றும் உக்கிய இடத்தில் பொத்தென்றும் கேட்கும். பின் இயந்திரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பலகை சேர்ந்து அசைந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். படகின் அடியில் கொப்புளங்கள் தென்பட்டால் பைபருக்குள் நீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம்.

பல வேளைகளில் உடற்பகுதியை விட இயந்திரமே விலை கூடியது. ஆகவே பற்றுச்சீட்டில் உள்ள இலக்கமும் இயந்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் குளிர்விக்கும் நீர் பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பம்பின் இறப்பர் சில்லு தேய்ந்திருக்கலாம், அது சின்னச் செலவு. உப்புக் கட்டி வழியையே அடைத்திருந்தால் அது பெரிய செலவு. கியர் ஒயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

இனித் தலைப்பில் சொன்ன விடயத்துக்கு வருவோம். படகை எங்கே நிறுத்துவது? கரையில் விடலாம் என்று எல்லோரும் முதலில் நினைப்பார்கள். தெரிந்த ஒருவர் இருப்பார், அவருக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்கலாம். ஆனால் நீங்கள் 40 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறீர்கள். உங்கள் படகு எத்தனை நாள் கடலுக்குப் போகிறது என்பது உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். உள்துறைமுகத்தில் மிதக்க விடுவதும் இலகுவல்ல. அது கடற்படையின் தளம், நினைத்த இடத்தில் நங்கூரம் போட முடியாது. தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடியில் சில கிழமைகளில் பாசியும் சிப்பியும் ஏறி வேகத்தைக் குறைத்து எரிபொருளைக் கூட்டிவிடும்.

எமது பார்வையில் பேராற்றிலோ நகரத்திலோ உள்ள உங்கள் வீட்டு வளவுதான் மிகச் சிறந்த இடம். உப்புக் காற்று இல்லை, நல்ல தண்ணீர் உண்டு, கண்முன்னே நிற்கும். அதற்கு ட்ரெய்லர் வேண்டும், அதை இழுக்க வேனோ கெப்போ வேண்டும். (முச்சக்கர வண்டியில் இழுக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு!) ட்ரெய்லரின் பதிவு பற்றி மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: நாற்பது கிலோமீற்றர் ஓடிய சூட்டோடு சில்லை உப்பு நீரில் இறக்கினால் பெயாரிங் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அரை மணித்தியாலம் ஆறவிட்டு இறக்குங்கள்.

வீடு திரும்பிய அன்றே, மறுநாளல்ல, ஒரு பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி அதற்குள் இயந்திரத்தின் காலை இறக்கிப் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். பருவம் முடிந்து மாதக்கணக்கில் நிறுத்துவதானால் தாங்கியிலும் காபரேட்டரிலும் பெற்றோல் இருக்கக் கூடாது. நாட்பட்ட பெற்றோல் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். பெற்றரியைக் கழற்றிவிடுங்கள். அடியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். இயந்திரத்தின் அலுமினியத்துக்குப் பதிலாகக் கரைவதே அதன் வேலை. எலி வயரைக் கடிக்காமலும் பார்க்க வேண்டும்.

படகை மூடுவதற்கு முன் அணியத்தை உயர்த்தி, அடிமூடியைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் மாரி மழைக்கு அது ஒரு சிறு குளமாகிவிடும். 2017இல் கிண்ணியாவை டெங்கு எப்படி ஆட்டிவைத்தது என்பது எம்மவர்களுக்கு மறந்திருக்காது. வளவில் நுளம்புக் குடம்பி கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடுவார். அது உல்லாசப் படகு என்று சொல்லித் தப்ப முடியாது. தார்ப்பாயைப் படகோடு ஒட்டிக் கட்டாமல் காற்றுப் போக இடம் விடுங்கள்.

பக்கத்திலேயே குளம் இருக்கிறதே, அதில் ஓட்டலாமே என்ற யோசனையும் வரும். கந்தளாய்க் குளத்து நீர்தான் சுத்திகரிக்கப்பட்டுத் திருகோணமலை நகரின் குழாய்களுக்குப் போகிறது. அதில் பெற்றோலும் ஒயிலும் கலக்கும் காரியத்தை யாரும் செய்யக் கூடாது.

வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்று கணக்குப் போடுபவர்கள் நிதானிக்க வேண்டும். புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. நிலாவெளிப் படகோட்டிகளுக்கு அதுவே பிழைப்பு. அவர்களது கரையில் வெளியூர்ப் படகு கூலிக்கு நுழைந்தால் தகராறுதான் மிஞ்சும். சொந்த உபயோகத்துக்கும் மீன்பிடிக்கும் கூலிப் பயணத்துக்கும் வேண்டிய பதிவுகள் ஒன்றல்ல. மீன்பிடிப் படகாகப் பதிந்ததை வாங்குவதானால் கடற்றொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரித்த பின்னரே முற்பணம் கொடுங்கள்.

உயிர்காப்பு அங்கியை விலைப் பேரத்தில் இலவசமாகக் கேட்டு வாங்கும் பொருளாக நினைக்க வேண்டாம். ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒன்று, பிள்ளைகளுக்கு அவர்களின் அளவில். 2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் இழுவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளை இழந்தோம். அது ஆழ்கடலல்ல, கரை கண்ணுக்குத் தெரியும் களப்பு.

வாங்க நல்ல காலம் செப்டெம்பர். பருவம் முடிகிறது, விற்பவர் பேரத்துக்கு இறங்குவார், கடலும் ஓட்டிப் பார்க்கும் அளவுக்கு இருக்கும். தனியாக ஏறி ஓட்டிப் பார்க்காதீர்கள். வழக்கமாக எத்தனை பேரை ஏற்றப்போகிறீர்களோ அத்தனை பெரியவர்களை ஏற்றி ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள். கரைக்கு வந்ததும் அடியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள்.