பாஸ்டர் நம்பர் தரவா?

ஆபீஸ்ல என் பக்கத்து சீட் நண்பனோட அப்பா ஐசியூவில் இருந்தார். "நீ சர்ச்சுக்குப் போறவன்தானே, ஒரு ப்ரேயர் பண்ணுடா"ன்னு கேட்டான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எங்க பாஸ்டர் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டேன். சின்ன வயசுலேர்ந்து சர்ச், ஆனா ரெண்டு வரி ஜெபம் வாயில வரலை.

ஊழியம்னா பாஸ்டர் வேலை, கேட்கிறது நம்ம வேலைன்னு பழகிட்டோம். எபேசியர் 4:11-12ல் பவுல் சொல்வது வேறு. மேய்ப்பரும் போதகரும் கொடுக்கப்பட்டதே, விசுவாசிகளை ஊழியத்துக்குத் தயார்படுத்தத்தான். அங்கே வரும் கிரேக்கச் சொல்லின் வினை வடிவம் மாற்கு 1:19லும் இருக்கிறது: யாக்கோபும் யோவானும் படகில் வலையைச் சரிபண்ணும் இடம். சரிபண்ணின வலையைக் கடலில்தானே போடணும்? (நாம ஞாயிறுதோறும் மடிச்சு வைக்கிறோம்.)

எப்படித் தயாராவது? அப்போஸ்தலர் 18ஐ வாசிங்க. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்கிறவர்கள். கொரிந்துவில் பவுல் அவங்களோட தங்கி, அதே தொழிலைச் செய்தார். பிறகு எபேசுவில், வேதத்தில் வல்லவரான அப்பொல்லோவுக்கே அந்தத் தம்பதி தனியாக விளக்கிச் சொன்னாங்க. கிளாஸ்ல உட்கார்ந்து கத்துக்கிட்டதா எனக்குத் தோணலை. கூடவே இருந்து கத்துக்கிட்டது.

அதனால பாஸ்டர்கிட்ட, "அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நானும் வரேன்"னு சொன்னேன். முதல் தடவை பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதோடு சரி. மூணாவது தடவை, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்னு, "தம்பி, நீங்க ஜெபம் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டார். திக்கித் திக்கிப் பண்ணேன்.

நேத்து லஞ்சில் நண்பனைக் கேட்டேன்: "அப்பா வீட்டுக்கு வந்துட்டார்ல, நான் வந்து பார்க்கவா?"